அருவியோடு நின்றுவிடாதீர்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கில் குடியிருப்பவர்களுக்கு ஜெராய் மலையை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பிள்ளைகளைப் பள்ளியில் விடப் போகும்போதும் தெரியும், சந்தைக்குப் போகும்போதும் தெரியும், துணி காயப்போட வெளியே வந்தாலும் தெரியும். உயரம் 1,217 மீட்டர்தான். கெடாவிலேயே இதைவிட உயரமான மலை உண்டு. ஆனால் வயலும் எண்ணெய் தரும் செம்பனையும் ரப்பர் எடுக்கும் பால்மரமுமாகத் தட்டையாகக் கிடக்கும் தரையில் இது மட்டும் தனியாக எழுந்து நிற்கிறது. வங்கக் கடலைத் தாண்டி வந்த பழைய காலத்துக் கப்பல்காரர்கள் இந்த மலை கண்ணில் பட்டதும் கரை வந்துவிட்டதைத் தெரிந்துகொண்டார்கள். நம் முன்னோர் கடாரம் என்று சொன்ன கரை அது.

இவ்வளவு பக்கத்தில் இருக்கும் மலையில் நம் குடும்பங்கள் என்ன செய்கின்றன? கெடாவில் வெள்ளி, சனிதான் விடுமுறை. சனிக்கிழமை காலையில் ஒரு வேன் நிறைய ஆள் ஏறுவோம். பெரிய சட்டியில் கோழிக்கறி, ஐஸ் பெட்டி, பாய், மாற்றுத் துணி எல்லாம் ஏறும். துப்பா அருவிக்கோ, யான் என்ற ஊர்ப் பக்கம் தித்தி ஹாயுன் அருவிக்கோ போவோம். குளிப்போம், சாப்பிடுவோம், அரட்டை அடிப்போம், மழை வருவதற்குள் வீடு திரும்புவோம். நல்ல பழக்கம்தான். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஆனால் அந்த அருவிக்கு மேலே ஒரு முழுக் காடு இருக்கிறது. வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து அரை மணி நேரம் நடந்தாலே அது தொடங்கிவிடும். அந்த அரை மணி நேரத்தை நாம் நடப்பதில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் நடப்பதில்லை என்று என் மாமியாரிடம் கேட்டிருக்கிறேன். அத்தை பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, முதுகு வளையாத வயதுவரை பால்மரம் வெட்டியவர். "காட்டுக்குள்ள நமக்கு என்னம்மா வேலை?" என்றார். பதில் அவ்வளவுதான். ஆனால் அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1948 முதல் 1960 வரை, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை எதிர்த்து அரசு போரிட்ட அவசரகாலம் இருந்தபோது காட்டோரம் என்றாலே கம்யூனிஸ்ட்டு, ராணுவம், ஊரடங்கு. தோட்டத்து எல்லையைத் தாண்டினால் எந்தப் பக்கத்திலிருந்து சுடுவார்கள் என்று தெரியாது. அந்தக் காலத்தில் பிள்ளைகளாக இருந்தவர்கள் தங்கள் பிள்ளைகளையும் காட்டுப் பக்கம் விடவில்லை. அதற்கு முன்பும் காடு நமக்கு உறவாக இருந்ததில்லை. கப்பலில் வந்த நம் ஆட்கள் காட்டை வெட்டிச் சாய்த்து, எரித்து, அந்த இடத்தில் பால்மரக் கன்று நட்டார்கள். மலேரியாவில் செத்தார்கள். எஞ்சியவர்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் குடியேறி, எல்லையில் முனியாண்டி சாமியை வைத்து, "அதுக்கு அப்பால் போகாதே" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்கள். சொன்னதில் நியாயம் இருந்தது.

இப்போது நிலைமை வேறு. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, லயத்து ஆட்கள் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்துவிட்டார்கள். பால்மரம் நின்ற இடத்தில் பெரும்பாலும் செம்பனை. என் பிள்ளைகள் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் பார்க்கும் மரமெல்லாம் ஒரே மரம். ஒரே இடைவெளியில், ஒரே உயரத்தில், வரிசை வரிசையாக. மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு ஆறு. மரம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நெகிரி செம்பிலானில் பாசோ என்றொரு காடு இருக்கிறது. அங்கே 50 ஹெக்டேர் பரப்பில் ஆய்வாளர்கள் ஒவ்வொரு மரத்தையும் எண்ணிப் பார்த்ததில் 800-க்கும் மேற்பட்ட வகைகள் தேறின. அதே 50 ஹெக்டேர் செம்பனையில் ஒரு வகை. இந்த வித்தியாசத்தைப் பாடப்புத்தகத்தில் படித்தால் ஒரு வரியோடு போய்விடும். நடந்து பார்த்தால் காலுக்கும் மூக்குக்கும் காதுக்கும் தெரியும்.

சரி, சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படி நடப்பது?

உச்சியை மறந்துவிட வேண்டும். பெரியவர்கள் மலை ஏறினால் மேலே போய்ச் சேர்வதில்தான் கண். பிள்ளைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதே முக்கியமில்லை. என் மகனுக்கு முதல் வளைவிலேயே ஒரு எறும்புப் புற்று கிடைத்துவிடும். அதன் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்துவிடுவான். முன்பெல்லாம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகும் பெற்றோரைப் பாதையில் பார்த்திருக்கிறேன். பிள்ளை அழும், அப்பா தூக்குவார், அப்புறம் எல்லோருக்கும் கோபம் வரும், அடுத்த வாரம் யாரும் வரமாட்டார்கள். எங்கள் வீட்டில் நேரத்தைத்தான் குறித்துக்கொள்கிறோம், இடத்தைக் குறிப்பதில்லை. காலை எட்டு மணிக்கு முன்பே நடக்கத் தொடங்குவோம். பத்தரை ஆனதும் எங்கே நின்றாலும் திரும்பிவிடுவோம். அதற்குள் எவ்வளவு தூரம் போனோமோ அவ்வளவு. ஜெராயில் மதியத்துக்கு மேல் மேகம் கூடிவிடும். அதோடு இறங்கும்போதுதான் பிள்ளைகள் அதிகம் விழுகிறார்கள். கால் சோர்ந்திருக்கும், ஈர இலை வழுக்கும், வீட்டுக்குப் போகும் அவசரமும் சேர்ந்துகொள்ளும். இறங்குவதற்கு நேரம் மிச்சம் வைத்திருக்க வேண்டும்.

வரிசையும் முக்கியம். ஒரு பெரியவர் முன்னால், ஒருவர் கடைசியில், பிள்ளைகள் நடுவில். எங்கள் வீட்டில் என் கணவர் முன்னால் போவார், நான் கடைசியில். அவருக்குப் பின்னால் மகன்; அவன் வேகம்தான் எல்லோருடைய வேகமும். பிள்ளைகள் இருவர் கழுத்திலும் ஒரு விசில் தொங்கும். பிரிந்துவிட்டால் நடக்கக் கூடாது, நின்ற இடத்திலேயே ஏதாவது ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை ஊத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அத்தைக்கு இதில் ஒரு பெரிய திருப்தி. காட்டுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது அவர் அம்மா காலத்து விதி. விசில் ஊதினால் பெயரைச் சொல்ல வேண்டியதில்லையே.

ஆமாம், அத்தையும் வருகிறார். முதலில் வாசலோடு உட்கார்ந்துகொள்கிறேன் என்றவர், பேரன் போவதைப் பார்த்துப் பின்னாலேயே வந்தார். இப்போது அவர் இல்லாமல் நாங்கள் போவதில்லை. இருட்டில் எழுந்து, தலைவிளக்கு வெளிச்சத்தில், சரிவில் நூற்றுக்கணக்கான மரங்களுக்கு ஓடி ஓடிக் கத்தி வைத்த கால் அது. எந்தக் கல் ஆடும், எந்த வேர் வழுக்கும் என்று அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. காட்டு மரம் எதைக் கண்டாலும் பெருவிரலால் பட்டையை அழுத்திப் பார்ப்பார். அந்தப் பழக்கம் போகவில்லை. வெயில் ஏறுமுன் ஏன் பால் வெட்ட வேண்டும், வெட்டு ஏன் இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்க வேண்டும், ஆழம் கொஞ்சம் கூடினால் மரம் எப்படிக் கெடும் என்பதெல்லாம் என் மகளுக்கு அந்தப் பாதையில்தான் தெரிந்தது. வீட்டில் ஒரு நாளும் அத்தை அதைப் பற்றிப் பேசியதில்லை. பேத்தியும் கேட்டதில்லை. மரத்தடியில் நிற்கும்போது கேள்வி தானாக வந்தது.

காலுக்கு என்ன போடுவது என்பதிலும் அத்தை சொன்னதே சரியாக இருந்தது. விலை உயர்ந்த மலையேற்றச் சப்பாத்து வேண்டவே வேண்டாம். கம்போங் அடிடாஸ் போதும். கறுப்பு ரப்பர் சப்பாத்து, அடியில் முள் முள்ளாக இருக்கும், நம் ஊர்ச் சாமான் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பால்மரம் வெட்டுகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டுதான் காலமெல்லாம் சரிவில் ஏறி இறங்கினார்கள். தண்ணீர் உள்ளே போனாலும் உடனே வடிந்துவிடும், சேற்றில் பிடிப்பு விடாது, கழுவி வைத்தால் காய்ந்துவிடும். மலேசியாவில் அனுபவமுள்ள மலையேறிகள் பலர் இன்றைக்கு அதைத்தான் போடுகிறார்கள். உள்ளே கொஞ்சம் தடிமனான காலுறை போட வேண்டும், இல்லையென்றால் குதிகால் உரசும். பிள்ளைகள் அளவிலும் கிடைக்கிறது.

நீளக் காலுறை போடுவதற்கு இன்னொரு காரணம் அட்டை. மழை பெய்த மறுநாள் துப்பா பக்கம் போனால் அட்டை இல்லாமல் இருக்காது. நிறையத் தாய்மார் இதற்குப் பயந்தே காட்டுக்கு வருவதில்லை. அட்டை கடித்தால் வலிக்காது, அதனால் நோய் பரவுவதாகவும் பயப்பட வேண்டியதில்லை. ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் சுரக்கிறது, அதனால்தான் விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் கசியும். பிய்த்து இழுக்காமல், நகத்தை அதன் வாய்க்கு அடியில் கொடுத்து நகர்த்தினால் கழன்று வரும். தோட்டத்தில் புகையிலைத் தண்ணீரில் காலுறையை நனைத்துக் காயவைத்துப் போடுவார்களாம். நாங்கள் சவர்க்காரத்தைக் காலுறை மேல் தேய்த்துக்கொள்கிறோம், ஓரளவு கேட்கிறது. மகன் முதல் அட்டையைப் பார்த்து அலறினான். இப்போது யார் காலில் அட்டை என்று தேடுவதே அவன் வேலை.

குரங்குகள் விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். அருவியோரம் சுற்றும் நீளவால் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு என்று பழகிப்போயிருக்கிறது, நாம்தான் பழக்கினோம். எல்லாவற்றையும் மூடிய முதுகுப்பையில் வைத்து, குரங்கு முன்னால் எதையும் திறக்காமல் இருந்தால் தொல்லை இல்லை. கண்ணோடு கண் பார்க்கக் கூடாது, பல் தெரியச் சிரிக்கவும் கூடாது. அதற்கு அது சண்டைக்கு அழைப்பு. கொஞ்சம் மேலே போனால் லோத்தோங் என்ற வேறு வகைக் குரங்கு இருக்கும்: சாம்பல் உடம்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வட்டம். அது இலை தின்று, தன்பாட்டுக்குக் கிளையில் உட்கார்ந்திருக்கும். அதன் குட்டி பிறக்கும்போது ஆரஞ்சு நிறம். அதை ஒரு முறை பார்த்த பிள்ளை தானாகவே அடுத்த சனிக்கிழமையைக் கேட்கும்.

மேலே போகப் போக பெரிய மரங்கள் வருகின்றன. அடிமரத்திலிருந்து சுவர் எழுப்பியதுபோல் வேர்கள் பரந்திருக்கும். மழைக்காட்டில் சத்தெல்லாம் மேல்மண்ணில்தான். வேர் ஆழமாக இறங்காமல் பக்கவாட்டில் ஓடுகிறது. அவ்வளவு உயர மரம் சாயாமல் நிற்க அந்தப் பலகை வேர்கள் உதவுகின்றன. அப்படி இரண்டு வேர்களுக்கு நடுவில் என் இரண்டு பிள்ளைகளும் ஒளிந்துகொள்ளலாம். மெராந்தி, கெருயிங் குடும்பத்து மரங்களின் விதைக்கு இறக்கை உண்டு. காய்க்கும் வருஷத்தில் மேலேயிருந்து சுழன்று சுழன்று இறங்கும். அது எல்லா வருஷமும் காய்க்காது, சில வருஷத்துக்கு ஒருமுறை காடே சேர்ந்து காய்க்கும். அந்த வருஷம் கிடைத்தால் விடாதீர்கள். பால்மரக் கொட்டையைச் சிமெந்தில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவர் கையில் வைத்து விளையாடிய தலைமுறை நாங்கள். என் பிள்ளைகளுக்கு அந்த இறக்கை விதைதான் விளையாட்டுப் பொருள்.

பிரம்பு தெரியாத தமிழ்ப்பிள்ளை கிடையாது. அது ஒரு பனை இனம், மரம் பிடித்து ஏறும் கொடி, அதன் நுனியில் கொக்கி முள் வரிசை இருக்கும் என்பது காட்டில்தான் தெரிகிறது. சட்டையில் மாட்டினால் முன்னால் இழுக்கக் கூடாது. ஓரடி பின்னால் வைத்தால் தானே விடும். இருவாய்ச்சி பறந்தால் முதலில் சத்தம்தான் கேட்கும். அதன் இறகுகளுக்கு அடியில் மற்றப் பறவைகளுக்கு இருக்கும் சிறு மூடிறகு கிடையாது. காற்று இடைவெளி வழியாகப் பாய்ந்து அந்த ஓசை எழுகிறது. பெட்டை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு குஞ்சு பொரிக்கும், ஆண் ஒரு சின்னக் கீறல் வழியாக வாரக்கணக்கில் பழம் கொண்டுவந்து ஊட்டும் என்று சொன்னபோது அத்தை நின்றுவிட்டார். "அந்தப் பறவை நல்ல பறவைம்மா" என்றார்.

இனி தண்ணீர் விஷயம். இதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்ல விரும்புகிறேன். 2021 ஆகஸ்ட் 18 அன்று ஜெராய் மேல் பெய்த கனமழையில் மலைச்சரிவு பெயர்ந்து, பாறையும் மரமும் சேறும் ஒன்றாக ஆறுகளில் இறங்கின. யானில் ஆறு பேர் இறந்தார்கள். மெர்போக் பக்கமும் வீடுகளுக்குள் சேறு புகுந்தது. கெப்பாலா ஆயர் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் திடீர் வெள்ளம் அதுவரை நமக்கு யாரோ சொல்லும் கதையாக இருந்தது. இப்போது இந்த வட்டாரத்தில் அதைக் கதையாக யாரும் பேசுவதில்லை. நாம் குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே உச்சியில் மழை கொட்டும். தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் திடீரென மிதந்து வந்தால், தண்ணீர் மட்டம் ஒரு விரல் ஏறினாலும், மேலேயிருந்து உறுமல் கேட்டாலும், அந்த நொடியே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையில் மேலே ஏற வேண்டும். சட்டியையும் பாயையும் எடுக்கக் கூடாது. ஆற்றோடு கீழே ஓடவும் கூடாது, கரைமேட்டில் உயரத்துக்குத்தான் போக வேண்டும். உச்சியில் கருமேகம் கட்டியிருந்தால் நாங்கள் வண்டியையே திருப்பிவிடுவோம். பிள்ளைகள் முனகுவார்கள், பரவாயில்லை. இங்கே ஜனவரி, பிப்ரவரி மாதங்கள்தான் வறண்டவை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம். அந்த மாதங்களில் ஆற்றோரம் வேண்டாம்.

கை காலில் புண் இருந்தால் அருவியில் இறக்காமல் இருப்பது நல்லது. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் வரும் காய்ச்சல் இந்த நாட்டில் அருவிகளில் குளித்தவர்களுக்கு வந்திருக்கிறது. குளித்த பின் ஓரிரு வாரத்துக்குள் கடும் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் அருவிக்குப் போனதைச் சொல்லுங்கள். அவராக ஊகிக்க முடியாது.

மழை சந்தேகமாக இருக்கும் நாட்களுக்கு எங்களுக்கு இன்னொரு நடை இருக்கிறது. மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியகத்தின் பின்னால் மலையடிவாரத்தில் படியேறினால் புக்கிட் பத்து பாஹாட் கோயில் அடித்தளம் வரும். நான்கு வயதுப் பிள்ளையும் ஏறலாம். 1930-களில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயர் அதைத் தோண்டி ஆராய்ந்தார். பிறகு 1960-ஐ ஒட்டி அலஸ்டர் லேம்ப் குழுவினர் கற்களை அடுக்கிப் பழைய இடத்திலேயே நிறுத்தினார்கள். ஒரு பக்கம் கருவறை, அதன் முன்னால் மண்டபம். மண்டபத்தில் மரத்தூண் நட்ட கற்குழிகள் இன்னும் இருக்கின்றன; மரமும் கூரையும் போய்விட்டன. அடித்தளத்துக்கு அடியில் ஒன்பது குழி வெட்டிய கற்பெட்டிகள் புதைத்து வைத்திருந்தார்கள். நம் ஊரில் கோயில் கட்டும்போது கர்ப்பந்யாசம் வைக்கும் அதே வழக்கம். மகள் அந்த ஒன்பது குழியைப் பார்த்துவிட்டு, கோயிலுக்குப் போகிற ஆட்கள் மலையேறித்தான் போனார்களா என்று கேட்டாள். ஆமாம், பக்கத்தில் ஓடும் ஆற்றைக் கடந்து, இதே காட்டு வழியாக, கையில் விளக்கோ பூவோ எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். தஞ்சைக் கல்வெட்டில் ராஜேந்திர சோழன் கடாரத்தை வென்றதாக எழுதியிருப்பதைப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். எனக்கு அந்தப் படையெடுப்பைவிட, சண்டை எதுவும் இல்லாமல் இந்த மேட்டுக்கு நடந்து வந்து கும்பிட்ட ஆட்கள்தான் பெரிதாகத் தெரிகிறார்கள்.

சாப்பாடு எளிமையாகத்தான் கட்டுகிறோம். எலுமிச்சை சாதம், நெத்திலி சம்பல், அவித்த முட்டை, எல்லாம் எவர்சில்வர் தூக்கில். நடைக்கு ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். பிள்ளைகள் தங்கள் பையைத் தாங்களே சுமக்க வேண்டும். அதில் தண்ணீரும் ரொட்டியும் மழைச்சட்டையும் மட்டும். ஒரு காலிப் பையும் கொண்டுபோகிறோம், குப்பைக்கு. பாறை இடுக்கில் சொருகி வைத்த டயப்பரை, தமிழில் பெயர் அச்சடித்த மசாலா உறையோடு சேர்த்து, அத்தை குனிந்து எடுத்ததை நான் மறக்கவில்லை. அந்தக் கை ஓய்வெடுக்க வேண்டிய கை. தயவுசெய்து உங்கள் குப்பையை நீங்களே வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

பூங்காப் பாதையைத் தாண்டி உச்சிவரை ஏற நினைப்பவர்கள் வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி எடுத்து, வழிகாட்டியோடு போக வேண்டும். பிள்ளைகள் இருந்தால் அதற்கு அவசரமே இல்லை. குரூணிலிருந்து மலைமேல் தார்ச்சாலை போகிறது. வண்டியில் ஏறி, மேலே சுங்கை தெரோய் வனப்பூங்காவில் இறங்கி நடக்கலாம். அங்கே மண் சத்தில்லாதது, மரங்கள் குட்டையாகிவிடும், பூச்சி பிடித்துத் தின்னும் குடுவைச் செடிகள் வளர்கின்றன. வரும் பிப்ரவரியில் எங்கள் வீட்டுத் திட்டம் அதுதான். மகன் இப்போதிருந்தே குடுவைக்குள் எறும்பு விழுவதைப் பார்க்கக் காத்திருக்கிறான். அத்தை கேட்டது ஒன்றுதான், மேலே குளிருமா என்று. 100 மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்கு மேல் குறையும். உச்சியில் பீடோங்கைவிட ஆறேழு டிகிரி குறைவாக இருக்கும். அவருடைய கம்பளிச் சட்டையை இப்போதே பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டுவிட்டார்.